முற்றத்து வட்டங்கள்

சுடலைமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது இந்த வாசலில்தான் அம்மா. நீங்கள் இப்போது செருப்பைக் கழற்றி விட்டீர்களே, அந்த இடத்தில்தான் ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நின்றது. உடம்பு முழுக்க பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு பேர் அவனை ஏற்றினார்கள். படுக்கச் சொன்னால் படுக்கவில்லை, உட்கார்ந்துதான் வருவேன் என்று அடம். மூச்சு வாங்குகிறது. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருக்கிறது. அப்போதும் வாய் ஓயவில்லை. முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, மூக்கைத் தொட்டுக் காட்டி, "தவசிக்கு நாந்தான் சார் உக்காந்தேன்" என்றான்.

"சரிலே, நீதான். உள்ள தள்ளி உக்காரு, கதவச் சாத்தட்டும்" என்றேன்.

சாத்திவிட்டார்கள்.

டீக்கடையில் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி யார் இந்த இல்லத்துக்கு வழி கேட்டாலும், வழியைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறான் அந்தக் கடைக்காரன். உங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். கேட்டதில் தப்பில்லை. கூடப்பிறந்த தம்பியை விட்டுவிட்டுப் போக இடம் பார்க்க வந்திருக்கிறீர்கள், இங்கே ஒருத்தன் எப்படிச் செத்தான் என்று கேட்கத்தான் வேண்டும். செயலாளர் பாங்குக்குப் போயிருக்கிறார். வர நேரமாகும். மின்விசிறிக்குக் கீழே வந்து உட்காருங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இது ஆஸ்பத்திரி இல்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே இருக்கிறவர்கள் வயதில் வளர்ந்தவர்கள். மனசு அந்த அளவுக்கு வளரவில்லை. பக்கத்தில் துணைக்கு ஆள் இருந்தால் தங்கள் துணியைத் தாங்களே துவைத்துக்கொள்வார்கள், தட்டைக் கழுவி வைப்பார்கள், பகலில் பின்கொட்டகையில் உட்கார்ந்து கடலைமிட்டாய் பொட்டலம் போடுவார்கள். பெண்களுக்குத் தெருவின் அந்தப் பக்கம் தனி வீடு. ஆண்கள் எட்டுப் பேர் இருக்கிற இந்த வீட்டுக்கு நான் பொறுப்பு. பொறுப்பாக இருந்தேன்.

பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாவதோடு சரி. மற்றது எல்லாம் நானாகப் படித்துக்கொண்டது. தீப்பெட்டி ஆலையில் மேஸ்திரியாக இருந்தவன். ஆலை வாசலில் ஒவ்வொரு ஆளையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். பீடி இருக்கிறதா, சட்டைப் பையில் உரசுகிற மாதிரி ஆணி கீணி இருக்கிறதா என்று. சொந்த மச்சானையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் இருந்தவரைக்கும் எங்கள் ஆலையில் தீப்பிடித்தது கிடையாது. பக்கத்து ஆலைகளில் எத்தனையோ பேர் கருகிப்போனார்கள். ஆலையை மூடியபிறகுதான் இங்கே வந்தோம். வந்தது என் மனைவி கோமதிதான். சமையலுக்கு என்று வந்தாள், கொஞ்ச நாளில் இவர்களுக்கு எல்லாமாக ஆகிவிட்டாள். நான் அவள் பின்னால் வந்தவன்.

கோமதி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். இவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து விடுவது. கண் தெரியாதவனோடு கண் தெரிகிறவன். பொத்தான் போடத் தெரியாதவனோடு போடத் தெரிந்தவன். சுடலைமணிக்குத் தவசி. சுடலைமணி குள்ளம், உருண்டை முகம், சின்னக் கண். பிறக்கும்போதே அந்த முகத்தோடும் இருதயத்தில் ஓட்டையோடும் பிறந்தவன். ஓயாமல் பேசுவான். தவசி ஆள் பனைமரம். பேச்சே கிடையாது. காது கேட்கும், சொன்னது விளங்கும், ஆனால் வாயைத் திறந்து ஒரு சொல் வராது. முகத்தை யாரும் தொடக் கூடாது. சின்ன வயதில் யாரோ என்னமோ செய்திருக்கிறார்கள். ஷேவிங் பண்ணிவிடுவதுகூட சுடலைமணிதான்.

காலையும் மாலையும் முற்றத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது நான் ஆலையிலிருந்து கொண்டுவந்த பழக்கம். "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். தவசி சொல்ல மாட்டான். கோமதி சுடலைமணியிடம் சொல்லி வைத்தாள்: "பேசத் தெரிஞ்சவன் பேசாதவனுக்கும் சேத்துப் பேசணும், என்ன? தவசின்னு கூப்பிட்டா நீ சொல்லு." அன்றிலிருந்து நான் "தவசி" என்றால் "இருக்கான் சார்" என்று இவன் சொல்வான். தவசி கக்கூசில் இருந்தாலும் சொல்வான். தூங்கிக்கொண்டிருந்தாலும் சொல்வான். கோமதி போய்ச் சேர்ந்த அன்றுகூட, நான் பித்துப்பிடித்தவன் மாதிரி இந்த முற்றத்தில் நின்று பெயர் கூப்பிட்டேனாம். அவன் சொன்னானாம். எனக்கு நினைவில்லை.

அவள் போனதற்கு மறு வருஷம்தான் இந்த நோய் வந்தது.

பேப்பரில் முதல் செய்தி வந்த அன்றே நான் கேட்டைப் பூட்டிவிட்டேன். அரசாங்கம் பூட்டச் சொல்வதற்கு முன்பே. செயலாளர் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, சீனாவுல இருந்து நடந்தா வரும்?" என்றார். பொறி எங்கேயிருந்து வரும் என்று ஆலையில் யாரும் கேட்பதில்லை அம்மா.

காய்கறியை மஞ்சள் தண்ணீரில் முக்கி வெயிலில் வைத்துத்தான் உள்ளே எடுப்போம். துணியெல்லாம் கொதிக்கிற தண்ணீரில். எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை, நீல கைலி எடுத்தேன், வேகவைக்க லேசு என்று. எட்டுப் பேருக்கும் மொட்டை அடித்துவிட்டேன், முடியில் ஒட்டிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். காலையில் கபசுரக் குடிநீர். நெற்றியில் காட்டுகிற காய்ச்சல் துப்பாக்கி, அதை நானே பிடிப்பேன். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

பிறகு இந்த வட்டங்கள். முதலில் சுண்ணாம்பில் போட்டேன், மிதித்து மிதித்து அழிந்தது. மஞ்சள் எனாமல் வாங்கிவந்து, வாளியைக் கவிழ்த்து வைத்து அதைச் சுற்றிப் போட்டேன். ஆளுக்கு ஒரு வட்டம். வட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. முதல் நாள் சுடலைமணி தவசியின் வட்டத்துக்குள் போய் அவனை ஒட்டி நின்றான்.

"உன் வட்டத்துக்குப் போலே."

"அவனுக்கு நாந்தான சார் சொல்லணும்."

"அங்க நின்னுக்கிட்டே சொல்லு. காது கேக்கும்."

போனான். ஆனால் வட்டத்தின் ஓரத்தில், தவசி பக்கத்து விளிம்பில்தான் கட்டைவிரல் இருக்கும். பேச்சியம்மா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "ஆட்டுக்குட்டிய மொளக்குச்சியில கட்டுன மாதிரி கட்டியாச்சு. இன்னும் புல்லு மட்டுந்தான் போடணும்" என்றாள். கோமதிக்குப் பிறகு சமையலுக்கு வந்தவள் அவள். கை சுத்தம், வாய் சுத்தம் கிடையாது. எனக்குத் தெரியாமல் பின்சுவர் வழியாக வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தாள். அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை பரிசோதனைக்கு வந்தபோது எங்கள் யாருக்கும் எதுவும் இல்லை. இந்த மாதிரி வீடுகளில் எல்லாருக்கும் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. இரண்டு பேர் வெள்ளை உடையில் வந்தார்கள். நீளமான குச்சி. தொண்டையில் ஒரு தடவை, மூக்கில் ஒரு தடவை. மற்ற ஏழு பேரும் அழுதோ தும்மியோ கொடுத்துவிட்டார்கள். தவசி கொடுக்கவில்லை. பிறகு என்ன செய்வது? எடுக்காமல் விட்டால் அந்த ஒருத்தன் போதாதா? நான் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டேன். காவலாளி காலின்மேல் உட்கார்ந்தான். கையைத் துண்டால் கட்டினோம். கட்டினோம் என்றால் முறுக்கிக் கட்டவில்லை, ஒரு சுற்றுத்தான். அவன் கடித்ததில் குச்சி பிடித்த பையனின் கையுறை கிழிந்தது. குச்சி எங்கேயோ பட்டு மூக்கில் ரத்தம் வந்தது. கொஞ்சம்தான். ஐஸ் வைத்ததும் நின்றுவிட்டது.

அது நடக்கிற நேரம் முழுக்க சுடலைமணி தன் வட்டத்திலேயே நின்றான். வெளியே வரவில்லை, அந்த மட்டுக்கு நல்ல பழக்கம். ஆனால் "இருக்கான் சார், இருக்கான் சார்" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். அன்றைக்கு நான் பெயரே கூப்பிடவில்லை. எதற்குச் சொன்னானோ. காலடியில் வட்டம் முழுக்க ஈரம்.

எல்லாருக்கும் நெகட்டிவ். பார்த்தாயா என்று பேச்சியம்மாவிடம் சொன்னேன். "அவன் மூஞ்சியப் பாருங்க அண்ணாச்சி" என்றாள். தவசி அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொள்வான். கொஞ்ச நாளில் மறந்துவிடுவான் என்று விட்டுவிட்டேன். இவர்களுக்கு நினைவு அவ்வளவு நிற்காது.

அப்படியே ஆடி போய் ஆவணி வந்தது. காவலாளிக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போய் வந்தால்தானே ஆபத்து என்று நான் அவனை இங்கேயே, தவசி அறை ஜன்னலுக்கு வெளியே கயிற்றுக்கட்டிலில் படுக்க வைத்திருந்தேன். அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவனுக்கு நோய் இருக்கிறது என்று போன் வந்தது. மறுபடியும் எல்லாருக்கும் எடுக்க வருகிறோம் என்றார்கள்.

இந்தத் தடவை சும்மா இருக்கக் கூடாது என்று முடிவு பண்ணினேன். பழக்க வேண்டும். காது குடைகிற பஞ்சுக்குச்சி வாங்கி, தேங்காய் எண்ணெய் தொட்டு, தினமும் மாலையில் ஒவ்வொருத்தனுக்கும் மூக்கு நுனியில் காட்டுவேன். அண்ணாந்து பார், ஆ காட்டு, ஒன்று இரண்டு மூன்று, முடிந்தது. முடிந்ததும் ஒரு கடலைமிட்டாய், இடுக்கியால் எடுத்துக் கொடுப்பேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, நானாக யோசித்தது. மூன்றாவது நாளே கூப்பிடுவதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

சுடலைமணிக்கு அது விளையாட்டாகிவிட்டது. "இன்னொரு தடவ சார்."

"போதும்லே. மூக்கா, உரலா?"

"எனக்கு வலிக்கல சார். நான் சொல்லித்தான் வலிக்கல."

அவன் பேச்சு அப்படித்தான். எல்லாவற்றையும் தான்தான் செய்ததாகச் சொல்வான். ரயில் லேட்டாக வந்தால் "நாந்தான் சார் நிறுத்தி வச்சேன்." மழை பெய்தால் "நாந்தான் சார் பேயச் சொன்னேன்." கோமதி இட்லியை எடுக்கும்போது பக்கத்தில் நின்று, "நாந்தான் மாவுகிட்ட சொன்னேன், பொங்குன்னு" என்பான். அவளும் "நீ இல்லேன்னா எனக்கு யாரு சாமி" என்பாள். நான் அப்படி இடம் கொடுக்கிறவன் இல்லை.

தவசி மட்டும் பழகவில்லை. பஞ்சுக்குச்சியைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அவ்வளவு பெரிய உடம்பு, எப்படி நுழைகிறானோ. சுடலைமணி தரையில் படுத்துக்கொண்டு தன் மிட்டாயைப் பாதி உடைத்து உள்ளே தள்ளுவான். "வேண்டாம்னா வேண்டாம். நான் சாருகிட்ட சொல்லுதேன்" என்று அவனிடம் பேசிக்கொண்டிருப்பான்.

சொன்ன நாளில் வந்தார்கள். இந்தத் தடவை ஒரே ஒரு பெண். வேனில் ஓட்டுநர். இன்னும் நாலு இடத்துக்குப் போக வேண்டும் சார், சீக்கிரம் என்றாள். பாவம், அந்த உறைக்குள் வேர்த்து ஊற்றுகிறது, முகத்துக் கண்ணாடிக்குள் ஆவி. நாற்காலியை முற்றத்து நடுவில் போடச் சொன்னேன். ஒவ்வொருத்தனாக வீட்டுக்குள்ளிருந்து வர வேண்டும், முடிந்ததும் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். நான் அதோ, அந்த வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றேன். அதற்குமேல் கிட்டே வரக் கூடாது என்பது நானே போட்ட விதி. பெயரை அங்கிருந்தே கூப்பிட்டேன்.

முதலில் சுடலைமணி. வந்தான், உட்கார்ந்தான், அண்ணாந்தான், ஆ காட்டினான். எழுந்து என்னைப் பார்த்து ஒரு சலாம். உள்ளே போனான். பிறகு ஒவ்வொருத்தனாக. தவசியைக் கடைசியில் வைத்திருந்தேன், கலாட்டா வந்தால் மற்றவர்கள் மிரளக் கூடாது என்று. பிடிக்கக் காவலாளியும் இல்லை.

"தவசி" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன் சார்" என்று உள்ளேயிருந்து சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தன் வந்தான். மொட்டைத் தலை, நீலச் சட்டை, கண்வரைக்கும் முகக்கவசம். எனக்கு என் கவசத்தின் ஆவியில் மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது, கண்ணாடிக்குக் கீழே தெரிகிற தரை மட்டும்தான் தெரிகிறது. கால் தெரிந்தது. ரப்பர் செருப்பு, இடது வாரில் ஊக்கு மாட்டியது. அது நாற்காலிக்குப் போயிற்று. சத்தம் இல்லை, சண்டை இல்லை. அந்தப் பெண் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினாள். முடிந்தது.

"போன தடவை கடிச்சவர்னு சொன்னாங்களே, இவரா சார்? நல்லா பழக்கிட்டீங்களே" என்றாள்.

அம்மா, நான் சம்பளத்துக்கு வேலை பார்த்த நாளெல்லாம் சேர்த்தும் அப்படி ஒரு சொல்லை யாரும் எனக்குச் சொன்னது கிடையாது. கோமதி இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். "தவசி உக்காந்தான், தெரியுமா? தானா வந்து உக்காந்தான்."

பேச்சியம்மா கரண்டியை வைத்தாள். "தவசியா?"

"ஆமா."

"விடிஞ்சதுல இருந்து கட்டிலுக்கு அடியிலதான கெடக்கான். இப்பக்கூட கஞ்சி கொண்டுபோயி உள்ள தள்ளிட்டு வாரேன்."

"நடுவில வந்திருப்பான். நீ வெத்தல போடப் போயிருப்ப."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைப் பிறகு விசாரித்த கமிட்டியில் மறந்துவிட்டாள்.

எட்டுப் பேருக்கும் நெகட்டிவ் என்று போன் வந்தது. அன்று எல்லாருக்கும் கேசரி கிண்டச் சொன்னேன்.

தவசிக்கு இருமல் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. எண்ணெய்ப் புகைக்கும் கடலைத் தோலின் தூசிக்கும் அவனுக்கு எப்போதும் வருவதுதான். உடம்பு லேசாகச் சுட்டது. பேச்சியம்மா, "தனியா போடுங்க அண்ணாச்சி" என்றாள். இருமுகிறவர்களைத் தனியாக வைக்க நான்தானே பின்கொட்டகையைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்? கட்டில், குடம், வாளி எல்லாம் போட்டு. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது இல்லையா. பரிசோதனையில் இருக்கிறவனுக்குத்தான் கொட்டகை. இல்லாதவனை அங்கே தள்ளினால் அவன் என்ன பாவம் செய்தான்? பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினில் பார்த்துச் சொன்னது பெரிதா, இவள் சொல்வது பெரிதா? நெகட்டிவ் என்றால் நெகட்டிவ். தவசியை அவன் அறையிலேயே, அவன் கட்டிலிலேயே விட்டேன். பக்கத்துக் கட்டில் சுடலைமணி. ராத்திரி தவசிக்கு மார்பில் தைலம் தேய்க்கிறது, சளியைத் துடைத்துவிடுகிறது எல்லாம் அவன்தான். அவன் கையைத்தானே தவசி முகத்துக்குக் கிட்டே விடுவான்.

அவன் என்னிடம் வந்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல் துப்பாக்கி பிடிக்கிற நேரத்தில், வட்டத்தில் நின்றுகொண்டே, "சார், தவசிக்குப் பாக்கல சார். தவசிக்கு நாந்தான் உக்காந்தேன்" என்றான்.

"போன வாரம் ரயில நிறுத்துன, இந்த வாரம் இதா?"

"அது நான் நிறுத்தல சார். பொய் சொன்னேன். இது பொய் இல்ல."

நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான், மற்றவர்கள் சிரித்தால் அவனுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள் அம்மா. பெயரை மாற்றி, ஆளை மாற்றி, வேறொருத்தன் இடத்தில் போய் உட்காருகிற அளவுக்கு அவனுக்கு அறிவு ஏது? சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தால் தெரியாது. ரூபாய் நோட்டில் பெரியது சிறியது தெரியாது. அவன் ஒரு திட்டம் போட்டு என்னை ஏமாற்றினான் என்று சொல்கிறார்கள். அந்தக் குழந்தையைப் பற்றி அப்படிச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

அடுத்த வாரம் சுடலைமணி படுத்துவிட்டான். தவசிக்கு இருமல் குறைந்துகொண்டே வந்தது, இவனுக்கு ஏறிக்கொண்டே போனது. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியை மாட்டினேன், எண் இறங்கிக்கொண்டே போகிறது. கருவிதான் கெட்டுப்போயிற்று என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன். கெடவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அதைத்தான் முதலில் சொன்னேனே.

வண்டி கிளம்பியதும் தவசி வெளியே வந்தான். பெரிய கேட்டைத் தாண்டிப் போனதே இல்லை அவன், பயம். அன்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிரித்து எடுக்க முடியவில்லை. சோற்றுத் தட்டை அங்கேயே வைத்தோம்.

ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடவில்லை. இரண்டு நாள் கழித்து வார்டிலிருந்து ஒரு நர்ஸ் போன் பண்ணினாள்.

"சார், உங்க பேஷண்ட்டுகிட்ட பேர் கேட்டா ரெண்டு பேர் சொல்றார். சுடலைமணின்னும் சொல்றார், தவசின்னும் சொல்றார். எது சார் அவர் பேரு?"

"சுடலைமணி" என்றேன்.

"தவசி யாரு?"

"அது இங்க இருக்கான்மா."

"அதத்தான் சார் இவரும் சொல்றார். இருக்கான், இருக்கான்னு."

அதற்குப் பிறகு அவர்கள் பண்ணினது ஒரே ஒரு போன்தான்.

துணி சுற்றியபடியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அவன் தம்பி செந்தூர்ப்பாண்டி தூத்துக்குடியிலிருந்து வந்தான், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். கேட்டுக்கு வெளியே நின்றான். நான் உள்ளே நின்றேன். இடையில் நான் போட்ட கோடு.

"இருமுதவன் பக்கத்துல எங்கண்ணனப் படுக்க விட்டது யாருய்யா?"

"அவனுக்கு நெகட்டிவ் தம்பி."

"எவனுக்கு? அண்ணன் எங்கிட்டப் போன்ல சொன்னான். தவசிக்கு வலிக்கும்னு நாந்தான் உக்காந்தேன், சார்கிட்ட சொன்னேன், சார் சிரிச்சாருன்னு."

அண்ணனைப் பறிகொடுத்தவன் பேசுகிறான். பேசட்டும் என்று நின்றேன். ஒருத்தனுக்குத் துக்கம் வந்தால் யார்மேலாவது போட வேண்டும். நானும் கோமதி போனபோது டாக்டரைத் திட்டியவன்தான்.

ஆனால் கமிட்டி அப்படி விடவில்லை. செயலாளர், இன்னும் மூன்று பேர், இந்த மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் கட்டிலுக்கு அடியில் தவசி கிடந்ததைச் சொன்னாள். சுடலைமணி மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஊற்ற உள்ளே வந்து, இரண்டாவது மிட்டாயை முழுசாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதைச் சொன்னாள். செருப்பைப் பற்றி நானேதான் சொன்னேன், ஒளிவுமறைவு இல்லாமல். ஊக்கு மாட்டிய செருப்பு என்று. பேச்சியம்மா உள்ளே போய் சுடலைமணி கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தச் செருப்பை எடுத்துவந்து, தவசியையும் கூட்டிவந்து, அவன் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். குதிகால் பாதி வெளியே கிடக்கும், அப்படி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவசரத்தில மாத்திப் போட்டிருப்பான்" என்றேன். போடுவார்கள் அம்மா. இவர்கள் செருப்பை மாற்றிப் போடாத நாள் உண்டா?

பிறகு தவசிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மயக்க மருந்து கொடுத்து. அவனுக்கு நோய் வந்து போன அடையாளம் இருக்கிறதாம். இருக்கட்டும். சுடலைமணியிடமிருந்து அவனுக்கு வந்திருக்கலாமே? அதை யாரும் கேட்கவில்லை. சுடலைமணிக்கு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், பின்சுவர் வழியாக வெற்றிலை வந்ததே, அதையும் யாரும் கேட்கவில்லை. கருவி சொன்னதை நம்பினேன். விதிப்படி செய்தேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம். நீங்கள் இப்போதுதானே வந்திருக்கிறீர்கள்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வயதாகிவிட்டது, இந்த முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு விவரம் சொல்லுங்கள் அண்ணாச்சி என்றார்கள். வீட்டுக்குள் இப்போது ஒரு பெண் பொறுப்பு, படித்த பெண். எல்லாருடைய கழுத்திலும் போட்டோ ஒட்டிய அட்டை மாட்டிவிட்டாள். ஊசி போட வந்தாலும் மாத்திரை கொடுத்தாலும் அட்டையையும் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். முகத்தை மறக்கிறவர்களுக்குத்தான் அட்டை வேண்டும். எனக்கு எட்டுப் பேரின் முகமும் கண்ணை மூடினால் தெரியும்.

கோமதி செய்த ஜோடி ஏற்பாட்டை அந்தப் பெண் மாற்றவில்லை. தவசிக்குத்தான் ஜோடி கிடைக்கவில்லை. இரண்டு பேரை விட்டுப் பார்த்தார்கள், இருக்க மாட்டேன் என்கிறான். தாடி மார்பு வரைக்கும் வந்துவிட்டது. வழிக்க யாரையும் விடுவதில்லை.

உங்கள் தம்பி பேசுவானா? பேசுவான் என்றீர்களே. நல்லது. தவசி அறையில் ஒரு கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. செயலாளர் வந்ததும் கேளுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை அம்மா, இங்கே இதுவரைக்கும் அந்த ஒருத்தனைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மணி அடிக்கிறது, கேட்கிறதா? பெயர் கூப்பிடுகிறார்கள். ஜன்னல் வழியாகப் பாருங்கள். வட்டத்தில் நிற்க வேண்டும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. பழக்கத்தில் நிற்கிறார்கள். அதோ உயரமாகத் தாடியோடு நிற்கிறானே, அவன்தான். அவன் வட்டம் நாலாவது. நிற்பது ஐந்தாவதில், சுடலைமணியுடையதில். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

இப்போது அவன் பெயரைக் கூப்பிட்டாள். பதில் வராது. கொஞ்சம் பொறுத்து அடுத்த பெயருக்குப் போய்விடுவாள்.

எனாமல் நல்ல எனாமல். மூன்று மழைக்காலம் போய்விட்டது, எட்டு வட்டமும் அப்படியே இருக்கிறது.